கொடுத்த பிள்ளை

லண்டன் வீடுகளில் இருக்கும் குளியல் தொட்டி எனக்கு ஒருநாளும் பழகவில்லை. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக் குளித்த உடம்பு இது. தன் அழுக்குத் தண்ணீருக்குள் தானே ஊறிக் கிடப்பதைக் குளிப்பு என்று இந்த நாட்டார் எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்று வந்த நாள் முதல் யோசித்திருக்கிறேன். ஆனால் என் மகன் குகநேசனுக்குத் தொட்டி பிடித்திருந்தது. வெந்நீரை நிரப்பிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பான். அவனுக்குப் பிடித்தவை உலகத்தில் அதிகம் இல்லை என்பதால் நானும் ஆட்சேபிக்கவில்லை.

தமிழிலேயே சொல்லலாம் என்று மொழிபெயர்ப்பாளர் பாமா சொன்னார். எனக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. லத்தீனும் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் லத்தீனும் ரோமானிய வரலாறும் படிப்பித்தவன் நான். இங்கே மிச்சம் என்ற ஊரில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் கல்லாவில் இருக்கிறேன், மோர்டனில் குடியிருக்கிறேன். ஸ்ரீஸ்கந்தராஜா என்ற பெயரை அங்கே ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ‘ஸ்ரீ’ என்று சுருக்கிவிட்டார்கள். அதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. பெயரைக் கூட்டிக் கழிக்கிற உரிமை குடும்பத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் உண்டு, வெளியார் என்ன செய்தாலும் அது கணக்கில் சேராது.

என்னை யாரும் பிடித்து வரவில்லை. குகநேசன் இறந்தது விபத்து என்று மரண விசாரணை அதிகாரி போன மாதம் முடிவு சொல்லிவிட்டார். அவர் மேல் பிழை இல்லை. நான் சொன்னதை வைத்துத்தான் அவர் முடிவு செய்தார்.

ஏமிலியஸ் பவுலஸ் என்று ரோமில் ஒரு பிரபு இருந்தான். என் மாணவர்கள் எல்லாரும் அவனை அறிவார்கள், அவ்வளவு தூரம் அவர்களை அறுத்திருக்கிறேன். அவனுக்கு நான்கு ஆண்பிள்ளைகள். மூத்த இருவரையும் வேறு இரண்டு பெரிய குடும்பங்களுக்குச் சுவீகாரம் கொடுத்தான். இளையவர் இருவரைத் தன் பெயர் சொல்ல வைத்துக்கொண்டான். மக்கெதோனியாவை வென்று வந்து வெற்றி ஊர்வலம் போன நாட்களில், ஊர்வலத்துக்குச் சற்று முன் ஒருவனும் சற்றுப் பின் ஒருவனுமாக, வீட்டில் வைத்துக்கொண்ட இருவரும் இறந்தார்கள். அவன் ஊரைக் கூட்டி, நாட்டுக்கு வர இருந்த தீங்கு என் வீட்டோடு போகட்டும் என்றுதான் வேண்டியிருந்தேன் என்று கண் கலங்காமல் பேசினான். வகுப்பில் இந்த இடம் வரும்போது என் குரல் தடுமாறும். பெடியன்கள் பின்வரிசை வாங்கில் இருந்து சிரிப்பார்கள்.

எனக்கு நான்கு இல்லை, இரண்டு. மூத்தவன் பாலேந்திரா. என் மனைவி சிவகௌரியின் அக்கா பாலாம்பிகைக்குப் பிள்ளை இல்லை. அவருடைய கணவர் கனகலிங்கம் அண்ணை லண்டனுக்குப் புறப்படும் முன் எங்கள் குழந்தையைக் கேட்டார். சிவகௌரி அழுதாள். நான் கொடுத்தேன். வெறும் கையால் தூக்கிக் கொடுத்துவிடவும் இல்லை. எங்கள் நாட்டுப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. குழந்தையின் காலை மஞ்சள் தண்ணீரில் கழுவி, எடுத்து வளர்க்கப் போகிறவர்கள் அந்தத் தண்ணீரைச் சபையில் வைத்துக் குடிக்க வேண்டும். அதன்பிறகு பிள்ளை அவர்களுடையது. அந்த வழக்கத்தை அப்போதே எல்லாரும் விட்டுவிட்டார்கள். கனகலிங்கம் அண்ணை கூட, இதெல்லாம் எதற்கு மாஸ்ரர் என்று கூச்சப்பட்டார். நான் பிடிவாதமாக நின்றேன். ரோமர்கள் நீதிபதி முன்னால் செய்ததை நாங்கள் ஒரு செம்புத் தண்ணீரில் செய்கிறோமே என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு நாட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும், அல்லது தெரியாது. எண்பத்தேழில் சிவகௌரி ஷெல் விழுந்து இறந்தாள். குகநேசனை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்த் தலையில் அடித்தார்கள். அவன் திரும்பி வந்தது வலிப்போடு. அவனைக் கூட்டிக்கொண்டு மறு வருடம் இங்கே வந்து சேர்ந்தேன்.

விமான நிலையத்துக்குப் பாலேந்திரா வந்திருந்தான். என் தகப்பனாரின் நெற்றி, என் கைகள். பல் டாக்டர். “வாங்கோ சித்தப்பா” என்றான். பெரியம்மாவின் மகனாக வளர்ந்தவன் வேறு எப்படிக் கூப்பிடுவான்? நான் சிரித்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினேன். அன்றைக்கு இருந்து நான் நினைத்த ஒரே விஷயம் அவனைத் திரும்பப் பெறுவதுதான். இதை ஒளிப்பதில் பயன் இல்லை.

குகநேசன் சுமையாக இருந்தானா என்று கேட்பீர்கள். இல்லை. அவனுக்கு வேளாவேளைக்கு வலிப்புக் குளிசை கொடுப்பேன், மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன். தனியாகக் குளிக்க விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் முப்பது வயதை நெருங்குகிறவனுக்கு வெட்கம் இருக்கும் அல்லவா? அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். கதவைப் பூட்டாமல் சாத்திக்கொண்டு அவன் குளிப்பான், நான் வெளியே கதிரை போட்டு இருப்பேன். இடைக்கிடை அவன் கேட்பான்.

“அப்பா, இருக்கிறியளோ?”

“ஓம், இருக்கிறன்.”

இதுதான் எங்கள் காலை நேரம்.

போன ஆவணியில் பாலேந்திராவுக்குக் கலியாணம் நிச்சயமானது. பெண் கல்யாணி, நல்ல பிள்ளை, கணக்காளர். எங்கள் கலியாணங்களில் கன்னிகாதானம் செய்யும்போது ஐயர் மாப்பிள்ளையின் பூட்டன் பெயர், பாட்டன் பெயர், தகப்பன் பெயர் என்று மூன்று தலைமுறையைச் சபையறிய மூன்று தரம் உரத்துச் சொல்வார். அந்த இடத்தில் என் பெயர் வர வேண்டும் என்று விரும்பினேன். குகநேசனுக்குக் கலியாணம் நடக்கப் போவதில்லை. அப்படியென்றால் என் தகப்பனாருடைய பெயரை இனி எந்தச் சபையிலும் யாரும் சொல்லப் போவதில்லை. ரோமரிடம் இதற்கு ஒரு நாகரிகம் இருந்தது. சுவீகாரம் போன பிள்ளை புதுத் தகப்பனின் பெயரை வைத்துக்கொள்வான், ஆனால் பெற்றவனின் பெயரையும் ஒரு வாலாக ஒட்டிக்கொள்வான். பவுலஸ் கொடுத்த பிள்ளைகள் இருவரும் சாகும்வரை ‘ஏமிலியானஸ்’ என்றே இருந்தார்கள். அவன் செத்தபோது அந்த இருவருமே முன்னின்று ஈமச் சடங்கு விழா எடுத்தார்கள். நானும் ஒரு வாலைத்தான் கேட்டேன்.

வெஸ்ட் ஈலிங்கில் அவர்கள் வீட்டுக்குப் போய் கனகலிங்கம் அண்ணையிடம் கேட்டேன். பாலாம்பிகை அக்கா பலகாரத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“மாஸ்ரர், நீங்கள்தானே மஞ்சள் தண்ணி கரைச்சுத் தந்தனீங்கள்? வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல நிண்டு குடிக்க வைச்சனீங்கள். இப்ப நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?”

“என்ர பேரையும் சேர்த்துச் சொன்னால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும், அண்ணை?”

“நான் அவன்ர தகப்பன் எண்டது குறைஞ்சு போகும்.”

பாலேந்திரா என்னைக் கார் வரை கூட்டி வந்தான். “சித்தப்பா, அப்பாவுக்கு மனம் நோகும். இதை விடுங்கோவன்” என்றான். என் கையைப் பிடித்துத்தான் சொன்னான். அந்தக் கையின் சூடு வீடு வந்து சேரும் வரை இருந்தது. அன்று நான் மிகவும் மனம் உடைந்து போனேன்.

எனக்குத் தேவைப்பட்டது அவகாசம். ஒரு வருடம் கிடைத்தால் அவனை என் பக்கம் திருப்பிவிடலாம் என்று நம்பினேன். கலியாணத்தைப் பிற்போட வைப்பது எது? எங்கள் சனத்தில் ஒன்றே ஒன்றுதான், துடக்கு. சொந்த இரத்தத்தில் ஒரு மரணம் நடந்தால் ஒரு மாதம் வீட்டில் விளக்கு வைத்து நல்ல காரியம் செய்ய முடியாது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவனே போய்விட்டால் ஆண்டுத் திவசம் முடியும் வரை தள்ளிப்போடுவார்கள். அது மட்டுமா? நான் ஒதுங்கிக்கொண்டால் தம்பிக்கு அண்ணன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மோர்டனுக்கு வந்து நின்று, தலை முழுகி, தர்ப்பை போட்டு, என் மகனாக எல்லாம் செய்ய வேண்டும். செய்து முடிக்கும்போது அவன் என் மகன் ஆகிவிடுவான். சிவகௌரி இறந்தபோது பாலேந்திரா ஒரு மாதம் கோயிலுக்குப் போகவில்லை என்று அக்கா எழுதியிருந்தார், துடக்குக் காத்திருக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆகவே இரத்தம் இரத்தம்தான் என்று எனக்கு ஐயமே இருக்கவில்லை.

கலியாணத்துக்கு முந்திய வாரம் குகநேசனுக்கு அவனுடைய குளிசை கொடுக்கவில்லை. விசாரணையில் கேட்டபோது, கொடுத்தேன், அவன் துப்பியிருக்கக்கூடும் என்று சொன்னேன். அது அவனுக்கு நான் செய்த அநியாயம். அவன் துப்புகிறவன் இல்லை. அதே நிறத்தில் விற்றமின் குளிசை கொடுத்தேன், வாயைத் திறந்து காட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

தொட்டியை ஒவ்வொரு காலையும் நானே நிரப்பினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. நடக்கும் என்று எனக்கு நிச்சயம் இல்லை. அதை அம்மனிடம் விட்டுவிட்டேன். நடக்காமல் கலியாண நாள் வந்துவிட்டால் பேசாமல் பழைய குளிசையைக் கொடுக்கத் தொடங்கியிருப்பேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை மழை. அவன் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் “அப்பா, இருக்கிறியளோ?” என்று கேட்டான். “ஓம், இருக்கிறன்” என்றேன். பிறகு தண்ணீர் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கால்கள் தாமாக எழும்பின. கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இருந்தேன். சத்தம் நின்ற பிறகும் இருந்தேன். அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல் அல்ல. அவன் இருக்கிறியளோ என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய்யும் அல்ல, கடைசி வரை அங்கேதான் இருந்தேன்.

அம்புலன்சுக்கு அடித்துவிட்டு வெஸ்ட் ஈலிங்குக்கு அடித்தேன். பாலேந்திரா ஓடி வந்தான். தம்பியின் ஈரத் தலையைத் துவாயால் துடைத்துக்கொண்டே விம்மினான். எல்லாம் நான் நினைத்தபடி நடக்கிறது என்று எனக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று. கலியாணத்தை நிறுத்துவோம் என்று முதலில் சொன்னது அவன்தான். கனகலிங்கம் அண்ணையும் தலையாட்டினார். எதற்கும் ஐயரை ஒரு சொல் கேட்போம் என்று போன் எடுத்தார். ஐயரின் குரல் எனக்கும் கேட்டது.

“மஞ்சள் தண்ணி குடிச்சுச் சபையறியக் குடுத்த பிள்ளை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அவருக்கு அந்தக் குடும்பத்துத் துடக்கு இல்லை. கலியாணத்தை நடத்துங்கோ, தோஷமில்லை. ஆனால் கொள்ளி வைக்க ஏலாது.”

சிவகௌரிக்காகத் துடக்குக் காத்தது பற்றி அக்காவிடம் கேட்டேன். அது துடக்கு இல்லை என்றார். தங்கச்சி போன துக்கத்தில் கோயிலுக்குப் போக மனம் வரவில்லை, பெடியனும் என்னோடு வீட்டில் இருந்தான், அவ்வளவுதான் என்றார். பாசத்தை நான் சாத்திரம் என்று வாசித்துவிட்டேன். ஒரு வாத்தியார் விடக்கூடிய பிழையா இது? சுவீகாரச் சட்டத்தை இத்தனை காலம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை கலியாணம் நடந்தது. மேளம் வேண்டாம் என்று பாலேந்திரா சொன்னானாம். குகநேசன் ஆஸ்பத்திரிச் சவச்சாலையில் இருந்தான், உங்கள் ஆட்கள் உடலை இன்னும் விட்டிருக்கவில்லை. துடக்கு உள்ள ஒரே ஆள் நான், ஆதலால் மண்டபத்துக்குள் காலடி வைக்கக்கூடாது. கனகலிங்கம் அண்ணையின் தகப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் மூன்று தரம் சொன்னார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். தகனச்சாலையில் கொள்ளிக்குப் பதிலாக உள்ள பொத்தானை நானே அழுத்தினேன். பாலேந்திரா பின்வரிசையில், பெரியம்மா மகனாக, நின்றான்.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். குற்ற உணர்ச்சி என்று பாமா நினைக்கிறார், அவருடைய முகத்தில் தெரிகிறது. ரோமச் சட்டத்தில் பிள்ளையின் உயிரும் சாவும் தகப்பன் கையில். அந்த வழியில் நான் குற்றவாளி இல்லை. இந்த ஊர்ச் சட்டத்தில் குற்றவாளி. சரி. ஆனால் ஒன்று கேட்டேன், பாமா விளக்கிச் சொன்னார். கோர்ட்டில் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாட்சிகளைக் கூப்பிட வேண்டிய தேவை இல்லையாம். அதனால் இங்கே உங்களிடம் முழுவதும் சொல்லிவிட்டேன், கையெழுத்தும் வைப்பேன். கோர்ட்டில் மறுத்துவிடுவேன். அப்போது நீங்கள் பாலேந்திராவைக் கூப்பிட வேண்டியிருக்கும். அன்று காலை வீட்டுக்கு முதலில் வந்தவன் அவன். எதிரிக்கூட்டில் குற்றவாளியாக நிற்பவர் உமக்கு என்ன முறை என்று வக்கீல் கேட்பார். சபை நிறைய ஆட்கள் இருப்பார்கள். சத்தியம் செய்துவிட்டு, அவர் என்னைப் பெற்ற தகப்பன் என்று அவன் உரத்துச் சொல்லியாக வேண்டும்.

சொல்வான். சத்தியம் செய்துவிட்டு அவன் பொய் சொல்ல மாட்டான். என் பிள்ளைகள் இருவரையும் நான் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.