மீனண்ணன் லைவ்ல கீறாரு

ஜிலேபி மீன ரொம்ப நேரம் மசாலால ஊற வெக்கக் கூடாது மேடம். நெறைய பேரு அதுல தான் கோட்ட வுடுவாங்க. கொழகொழன்னு ஆயிடும், எண்ணெயில போட்டா உதிர்ந்துடும். விரால்னா தாங்கும். எங்க வண்டியில ஜிலேபி தான் அதிகம், ஏரியில தெனமும் கெடைக்கறது அது தான். அதனால மசாலா தடவறது, வறுக்கறது எல்லாம் நான் தான். மீனண்ணன் கைப்பக்குவம்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லட்டும். அவரு கரண்டியப் புடிச்சிக்கினு நிப்பாரு, அவ்ளோ தான்.

எம் பேரு பிரிஸ்கில்லா. செத்துப் போன ஆல்வின், அந்த மீனண்ணன், எங்க வூட்டுக்காரரு. உங்க ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுத்த சுகிர்தா அவரோட தங்கச்சி, காஞ்சிபுரத்துல ஒரு கிளினிக்ல நர்ஸா கீறா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல. அவ சொன்னதுல பொய் எதுவும் இருக்காது. நானும் பொய் சொல்லப் போறதில்ல. பொய் சொல்றதுக்கும் உடம்புல தெம்பு வேணும் இல்லியா. சொல்லி முடிச்சிட்டு ஒரு மூலையில உக்காந்தா போதும்னு கீது.

கல்யாணம் ஆனதுலருந்து கூலி வேல தான். நான் நாத்து நட, களை பறிக்கப் போவேன். அவரு ரைஸ்மில்லுல மூட்ட தூக்குவாரு. தூக்கற கூலி சாயந்தரம் பிராந்திக் கடைக்குப் போயிடும். அடிக்க மாட்டாரு, அத சொல்லிடறேன். குடிச்சா பேசுவாரு. ஆட்டுகிட்ட, தெரு நாய்கிட்ட, கரண்ட் கம்பத்துகிட்ட, எதுகிட்ட வேணாலும் பேசுவாரு. பேசிக்கினே எங்கனா வுழுந்து கெடப்பாரு, நான் போயி தூக்கினு வருவேன். புள்ளைங்க இல்ல. முட்டி தேஞ்சு போயி சேத்துல நிக்க முடியாம ஆன அப்புறம், மகளிர் குழுவுல பேசி ஒரு தள்ளுவண்டி வாங்கினேன். திருப்புலிவனம் போற ரோட்டுல ஏரிப்பக்கமா போட்டோம்.

வண்டியப் போட்டா மட்டும் ஆளு வந்துடுமா. பைக்ல போறவன் திரும்பிக்கூட பாக்கல. அப்பத்தான் குழுவுல இருக்கறவங்களுக்கு போன்ல வியாபாரத்த வளக்கறது எப்டின்னு வகுப்பு வெச்சாங்க. மெட்ராஸ்லருந்து ஒரு பொண்ணு வந்து சொல்லிக் குடுத்திச்சு. விளம்பரத்துக்குன்னு ஒரு பைசா கட்டாதீங்க, கட்டாமலே ஜனங்ககிட்ட போய்ச் சேரலாம்னு சொல்லிச்சு. அதுக்கு ரீச்னு பேரு. தெனமும் ஒரே நேரத்துல வீடியோ போடணும், ஆரம்பத்துலயே ஆளப் புடிச்சி நிறுத்தணும், கமெண்ட் போட்ட எல்லாருக்கும் பதில் சொல்லணும். கெளம்பறப்போ எங்கிட்ட தனியா ஒண்ணு சொல்லிச்சு. "ஜனங்க பொருளப் பாக்க மாட்டாங்கக்கா, ஆளத்தான் பாப்பாங்க. உங்க கடையில பாக்கற மாதிரி ஆளு யாருன்னு யோசிங்க." பாக்கற மாதிரி ஆளு எங்கடி கீதுன்னு நெனச்சிக்கினு வந்தேன்.

மாசக்கணக்கா மீனு பொரியறத எடுத்து எடுத்துப் போட்டேன். சுகிர்தா ஒருத்தி மட்டும் பாத்து ஹார்ட் போடுவா.

ஒரு நா சாயந்தரம் அவரு ஏத்திக்கினு வந்து வண்டிகிட்ட நின்னாரு. தட்டுல இருந்த மீன ஒண்ணொண்ணா எடுத்து, பேரு வெச்சு, மன்னிப்பு கேக்கறாரு. "ஏரிக்குள்ள நீ ராஜா மாதிரி இருந்த. நான் வெளிய மூட்ட தூக்கினு இருந்தேன். இப்ப ரெண்டு பேருமே அடுப்பாண்ட நிக்கறோம். கோச்சிக்காத நைனா." எனக்கு அவமானமா பூட்ச்சு. அண்ணன் லட்சணத்தத் தங்கச்சி பாக்கட்டும்னு அத வீடியோ எடுத்து, அப்டியே பேஜ்ல போட்டுட்டுப் படுத்துட்டேன். கோவத்துல தான் போட்டேன். காலையில பாத்தா லட்சக்கணக்குல ஜனம் பாத்துக்கீது. அந்த வாரமே செங்கல்பட்டு, வந்தவாசியிலருந்து எல்லாம் காரு போட்டுக்கினு வந்தாங்க. மீனண்ணன்ற பேரும் அவங்க வெச்சது தான்.

அதுக்கப்புறம் நாங்க நல்லா இருந்தோம் மேடம். வாசப்படி ஏற வுடாதவங்க வூட்டுப் பசங்க, அவரு தோள் மேல கை போட்டு செல்ஃபி எடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டு போடறவங்க எந்திரிச்சு, நீங்க மீனண்ணன் வூட்டம்மா தானன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் என்னை யாருமே எதுவுமே கேட்டதில்ல.

மழ முடியற சமயத்துல அவரு ரத்தமா வாந்தி எடுத்தாரு. பெரிய ஆஸ்பத்திரியில சேத்தோம். டாக்டரு என்னையும் சுகிர்தாவையும் நிக்க வெச்சு சொன்னாரு. கல்லீரல் கெட்டுப் போயிடுச்சு, இனிமே ஒரு வாய் குடிச்சாலும் ஆளு நிக்காதுன்னு. எனக்குப் புரியலன்னு நான் சொல்ல மாட்டேன். நிதானமா, ரெண்டு வாட்டி சொன்னாரு.

வுட்டுட்டாரு மேடம். நெசமாவே வுட்டுட்டாரு. காலையில குளிச்சு எண்ணெ வெச்சு தலை சீவினு நிப்பாரு. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு எனக்கு முன்னாடி கெளம்புவாரு. ஒரு வாட்டி உத்திரமேரூர் பஜார்லருந்து பூ வாங்கினு வந்து, எங்கிட்ட குடுக்க வெக்கப்பட்டுக்கினு சைக்கிள்லயே மாட்டி வெச்சிருந்தாரு. இத்தன வருஷம் நான் முட்டி போட்டு எத வேண்டினேனோ, அது வந்து வாசல்ல நின்னுச்சு.

ஆனா போன் முன்னால நின்னா அவருக்குப் பேச்சே வரல. கைய கட்டிக்குவாரு. "வணக்கம். இன்னிக்கி கெண்ட மீனு கீது. வாங்க" ன்னுட்டு என்னைப் பாப்பாரு. ரீச் சரிஞ்சு போச்சு. பழைய அண்ணன் எங்க, இது டூப்பான்னு கமெண்ட் போட்டாங்க. தூரத்துலருந்து வந்தவங்க ஒரு பிளேட்டத் தின்னுட்டு பேஜாராயி போனாங்க. நான் சோம்பேறி இல்ல மேடம். நேரத்த மாத்திப் போட்டேன், ஓடற பாட்ட வெச்சுப் போட்டேன், நானே பேசிக்கூட போட்டேன். எனக்கு வயசாயிடுச்சுன்னு ஒருத்தன் எழுதினான். நடவுக்கு ஆளு கூப்ட வர்ற அம்மா மறுபடியும் எங்க தெருவுக்குள்ள வந்து, வரியான்னு என்னையும் கேட்டுச்சு. அன்னிக்கி நைட்டு முட்டிய நீவிக்கினு முடிவு பண்ணேன்.

பிராந்திக் கடைக்கு நானே போனேன். முந்தானைய தலையில போட்டுக்கினு ஆம்பளைங்களோட வரிசையில நின்னேன். யாரும் எதுவும் கேக்கல. கொஞ்சமா கூல்டிரிங்ஸ்ல கலந்து, வெயிலா கீது குடின்னு அவரு கையில குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாரு. டம்ளர எறக்கிட்டு என்னைப் பாத்தாரு.

"நீயாம்மே" ன்னாரு.

போன ஸ்டாண்டுல மாட்டினேன். அவரு ஏரிப்பக்கம் திரும்பி, மிச்சத்தையும் ஒரே மூச்சுல குடிச்சிட்டாரு. அப்புறம் ஒரு மீன எடுத்துப் பேச ஆரம்பிச்சாரு. எவ்ளோ அழகாப் பேசினாரு தெரியுமா மேடம். அன்னிக்கி வீடியோ பழையபடி போச்சு.

தெரிஞ்சு தான் குடிச்சாரு. அத எழுதிக்குங்க. நான் வாயத் தொறந்து ஊத்தல. தெனமும் டம்ளர்ல வெப்பேன், அவரா எடுப்பாரு. ஒரே ஒரு நா மட்டும், இன்னிக்கி வேணாம்மே, வயித்துல கல்லு வெச்ச மாதிரி கீதுன்னாரு. ஞாயித்துக்கெழம, தூரத்துலருந்து ஆளுங்க வருவாங்க, இன்னிக்கி மட்டும்னு சொன்னேன். சரின்னாரு. அவரு எப்பவுமே நான் சொன்னா தட்ட மாட்டாரு.

வயிறு வீங்க ஆரம்பிச்சிச்சு. போன கொஞ்சம் மேல தூக்கி வெச்சேன், நெஞ்சுக்கு மேல மட்டும் தெரியற மாதிரி. கண்ணு மஞ்சளாச்சு. போன்ல ஒரு ஃபில்டர் கீது மேடம், அதப் போட்டா வெள்ளையாயிடும். சுகிர்தா போன் பண்ணி, அண்ணன் மாத்திர போடறாரா அண்ணி, வீடியோல ஒரு மாதிரி கீறாரேன்னு கேப்பா. போடறாரு, நல்லா கீறாருன்னு சொல்லுவேன். அதுல பாதி பொய் இல்ல. மாத்திர போட்டுக்கினு தான் இருந்தாரு.

கடைசி நாளப் பத்தித்தான் நீங்க கேக்கறீங்க. மத்தியானம், வண்டியாண்ட யாரும் இல்ல. சாயந்தரம் கூட்டம் வரணும்னா மத்தியானமே லைவ் போடணும். போட்டேன். அவரு ஒரு விரால கையில வெச்சிக்கினு அதுக்கு ஊரு கத சொல்லினு இருந்தாரு. நடுவுல நிறுத்திட்டாரு. மீன மெதுவா தட்டுல வெச்சாரு. அப்டியே ரத்தமா எடுத்தாரு. வண்டிச் சக்கரத்தப் புடிச்சிக்கினு கீழ உக்காந்தாரு.

எங்ககிட்ட இருந்தது ஒரு போன் தான் மேடம். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணணும்னா அதுல தான் பண்ணணும். பண்ணா லைவ் போயிடும். மேல ஓரத்துல பாக்கறவங்க கணக்கு காட்டும். அது அவ்ளோ வேகமா ஏறி நான் பாத்ததே இல்ல. சுகிர்தா போன் வந்திச்சு, கட் பண்ணேன். மறுபடி வந்திச்சு, மறுபடியும் கட் பண்ணேன். அவரு என்னைப் பாத்து கைய நீட்டினாரு. நான் ஸ்டாண்டக் கொஞ்சம் கீழ எறக்கி வெச்சேன், அவரு மொகம் தெரியணும்னு. அப்புறம் போயி பக்கத்துல உக்காந்தேன். காஞ்சிபுரத்துல லைவ் பாத்துக்கினு இருந்த சுகிர்தா தான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருக்கா. அது வந்தப்போ மூச்சு இல்ல.

நான் தான் பண்ணேன். டம்ளர்ல ஊத்தினது நான், போன கட் பண்ணது நான். இதுல யாரும் கூட்டு இல்ல. கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க, போடறேன்.

ஆனா சுகிர்தா அழுதுகினே ஒண்ணு சொன்னா பாருங்க, எங்கண்ணன அநாத மாதிரி சாக வுட்டுட்டியேன்னு. அது மட்டும் சரியில்ல மேடம். கடைசி மூச்சு வரைக்கும் அவரு கூட அத்தன பேரு இருந்தாங்க.