மறதி வார்டின் நாலு மணி பஸ்

பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி. இல்லத்தில் கூப்பிடுவது "விசில்". வயது எழுபத்தெட்டு. தொழில், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இருப்பிடம், முதியோர் இல்லம், முன் வார்டு, நான்காம் அறை. படிப்பு, ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு வாத்தியார் நான் வருவதைக் கேள்விப்பட்டு மாற்றல் வாங்கிக்கொண்டார். இதெல்லாம் வேண்டாம் என்று ஸ்டேஷனில் எழுதுகிற ஐயா சொன்னார். எழுதினால்தான் மேற்கொண்டு சொல்வேன் என்றேன்.

காணாமல் போனவர் என் மனைவி. வயது எழுபத்து நான்கு. ஆறு வருடமாக ஞாபகம் இல்லை. என்னைப் புருஷன் என்று தெரியாது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் நான்கு இல்லங்களில் போய்க் கேட்டேன். "நடந்து போயிடற கேஸ் எடுக்கறதில்ல, படுத்த படுக்கையான பிறகு கூட்டிட்டு வாங்க" என்றார்கள். ஐந்தாவதான இந்த இல்லத்தில் மறதி வார்டில் எட்டுக் கட்டில்கள். பதினான்கு மாதம் காத்திருந்து ஒன்று கிடைத்தது. அதன் பிறகு நானும் முன் வார்டில் அறை எடுத்துக்கொண்டேன். மூன்று முறை வாசல் கேட்டில் பிடிபட்டால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று மேலாளர் அம்மா எழுதி வாங்கினார். முதல் மாதத்திலேயே இரண்டு முறை பிடிபட்டாள்.

அவள் புறப்படுவது எப்போதும் மாலை நாலு மணிக்கு. ஆகவே வார்டின் நடையில் எட்டு நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, "வண்டி கிளம்புது, ஏறுங்க, உள்ள தள்ளுங்க" என்றேன். கேலிக்குத்தான் செய்தேன். எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். அதன் பிறகு தினமும் தபால் ஆபீஸ், தண்ணித் தொட்டி, ரயில்வே கேட் என்று வாயில் விரல் வைத்து விசிலடித்துப் போவேன். கடைசி ஸ்டாப் சொன்னதும் எல்லோரும் இறங்கி, பாலைக் குடித்துவிட்டு அறைக்குப் போவார்கள். ஏழு மாதம் ஒருவரும் கேட் பக்கம் போகவில்லை.

நாலாவது மாதம் ஒரு நாள், ரயில்வே கேட் தாண்டியதும் எட்டுப் பேரும் சேர்ந்து இடது பக்கம் சாய்ந்தார்கள். நான் வேலை பார்த்த நிஜ ரூட்டில் அங்கே வளைவு உண்டு. ஆனால் நான் அதை ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சிரித்தேன். அடுத்த நாள் நானும் சாய்ந்தேன்.

நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டு ஸ்டாப் மில் வாசல். அதை மட்டும் நான் நிறுத்துவதில்லை. அவள் தினமும், "மில் வாசல் வந்தா சொல்லுங்க கண்டக்டர்" என்பாள். "இன்னும் இருக்கும்மா" என்பேன். செவ்வாய்க்கிழமை, எட்டுப் பேரில் ஒருவரான பின் நாற்காலி வாத்தியார், "அந்தம்மா தினம் கேக்குது, ஒரு நாள் நிறுத்தினா உன் வண்டி தேஞ்சா போயிடும்?" என்றார். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். "மில் வாசல், இறங்கறவங்க இறங்குங்க" என்று ஒரு விசில் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வரேன் கண்டக்டர். வீட்டுல அவர் தனியா இருப்பாரு."

"அந்த ஆளு பெரிய இம்சையாச்சேம்மா?"

"ஆமா. பழகிருச்சு."

என் முகம் சரியில்லாததால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு இரண்டு விசில் கொடுத்தேன். திரும்பியபோது ஏழு பேர்தான் இருந்தார்கள்.

வார்டுக் கதவின் பூட்டு எண் எனக்குத் தெரியும் என்று மேலாளர் அம்மா புகார் சொல்கிறார். தெரியும். நர்ஸம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் அமுக்குவார். ஆனால் மூன்றிலிருந்து ஐந்தரை வரை அந்தக் கதவு திறக்கவில்லை என்று அதே பூட்டில் பதிவாகியிருக்கிறது. கேமராவில் அவள் எழுந்து நிற்பது தெரிகிறது. மற்ற ஏழு பேரும் வண்டி நின்றது போல முன்னால் குலுங்கிப் பின்னால் சாய்கிறார்கள். சாயும்போது அவள் இல்லை.

மூன்று நாள் ஆள் இல்லாவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போகும். இன்று மூன்றாம் நாள். காலையிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவையும் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டு வரவேற்பறை பெஞ்சில் இருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த பெஞ்சில் எந்தக் கால் ஆடும் என்பது எனக்கும் தெரியும்.

நேற்றும் மில் வாசலில் நிறுத்திப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. அதன் பிறகு இன்று காலை, மில் வாசலுக்குப் போய்வந்த காவலர் தம்பி சொன்னார்: மில் இல்லை, எங்கள் பழைய வீடும் இடிந்துவிட்டது, ஒன்பது வருடமாக அந்த வழியில் பஸ்ஸே கிடையாது. ஆனால் எதிரே இருக்கும் தையல்காரர், இரண்டு நாளாக நாலேகால் மணிக்கு ஒரு விசிலும், கொஞ்சம் பொறுத்து இரண்டு விசிலும் கேட்கிறது என்றாராம். இல்லத்திலிருந்து அந்த இடம் பதினொரு கிலோமீட்டர்.

ஆகவே இன்று மில் வாசலில் வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்தினேன். யாரும் ஏறியதை நான் பார்க்கவில்லை. வாத்தியார் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு, "பாத்து உக்காருங்கம்மா" என்றார். இரண்டு விசில் கொடுத்தேன். ரயில்வே கேட் போவதற்குள் காவலர் தம்பி வந்து, ஐயா கூப்பிடுகிறார் என்று என்னை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இல்லத்து ஆயா போன் செய்தார். பால் ஆறிவிட்டதாம், ஏழு பேரும் எழுந்திருக்கவில்லையாம். கட்டிலுக்கு வந்திருக்கும் பெரியவர் வார்டைப் பார்க்கப் போனவர் காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் பார்த்திருக்கிறார். ஏழு பேரும் ஒரே குரலில், "ஆள் இருக்கு" என்றார்களாம்.

ஆகவே ஐயாவைக் கேட்டுக்கொள்வது: வண்டி பாதி வழியில் நிற்கிறது. நான் போய்க் கடைசி ஸ்டாப் சொன்னால்தான் இறங்குவார்கள். எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணிய பிறகு அந்தக் கட்டிலைப் பற்றிப் பேசட்டும். அதுவரை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கேலியாகச் சொன்னது உட்பட அத்தனையும் நடந்தது நடந்தபடியே. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. இதன்கீழ் என் கையெழுத்து.

(ஒப்பம்)