இடது பக்கச் சக்கரம்

— சாவியைக் கொடு. வாங்குற ஆளு வந்துக்கிட்டே இருக்காரு.

— என் லாரிக்கு ஆள் கூப்பிட நீங்க யாரு? வித்தா நான் விக்கணும்.

— நீ விப்ப? பொண்டாட்டியை லாரி ஓட்ட விட்ட ஆளுன்னு ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. ஓடுற வண்டியில சக்கரம் கழண்டு, உருண்டு போயி, கடை வாசல்ல நின்ன தையல்காரரைச் சாய்ச்சிருச்சு. அந்த மனுசன் தோள்பட்டை முறிஞ்சு கெடக்காரு.

— தெரியும். ஓட்டுனவ நான்தானே.

— டயரை மாத்துனது யாரு?

— நான்.

— நட்டை முடுக்குனது?

— நான்தான். எட்டு நட்டையும் ஸ்பேனர் மேல ஏறி நின்னு முடுக்குனேன். நாலு நாளா கண்ணை மூடுனா அந்த எட்டும்தான் வருது. எதை விட்டேன், எப்படி விட்டேன்னு எண்ணி எண்ணியே பைத்தியம் புடிக்குது.

— எட்டையும்தான் விட்டுட்ட. மெக்கானிக்கைக் கூப்பிடுன்னு சொன்னேனா இல்லையா?

— இதை நீங்க சொல்றீங்களா? வீடியோ பாத்து வைப்பரைச் சரி பண்ண உக்காந்தவரு. இன்னைக்கு வரைக்கும் ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடுது. ரேடியேட்டர் குழாய்ல சைக்கிள் டியூப்பைச் சுத்தி விட்டீங்க, பாதி வழியில கொதிச்சு மூணு மணி நேரம் வெயில்ல நின்னேன். அப்பல்லாம் எங்க போனாரு உங்க மெக்கானிக்?

— அதுல யாருக்கும் எலும்பு உடையல.

— பதினோரு வருஷமா ஓட்டுறேங்க. இந்த லாரி போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு?

— உசுரு இருக்கு, சந்தோஷப்படு. நான் மட்டும் கவனிக்கலைன்னா சக்கரம் முதல் நாளே போயிருக்கும்.

— நீங்க என்ன கவனிச்சீங்க?

— விடு.

— சொல்லுங்க.

— உன் வேலை மேல எனக்கு நம்பிக்கை இல்ல, போதுமா? டயர் மாத்துன மறுநாள் காலையில, நீ குளிக்கப் போனதும் நான் போயி ஸ்பேனரைப் போட்டுப் பாத்தேன். முதல்ல முரண்டு புடிச்சுது. ஏறி மிதிச்சேன், எட்டும் சுத்துச்சு! ஒழுங்கா முடுக்கியிருந்தா சுத்துமா?

— அதுக்கு அடுத்த நாள்?

— அன்னைக்கும் பாத்தேன். இன்னும் மோசம், கையாலேயே சுத்துச்சு. மறுபடியும் ஒவ்வொண்ணுக்கும் கால் சுத்து கொடுத்தேன். உன் மனசு நோகுமேன்னு வாயைத் திறக்கல.

— எந்தப் பக்கம் திருப்புனீங்க?

— இது ஒரு கேள்வியா? வலது பக்கம். எந்த நட்டா இருந்தாலும் வலது பக்கம் திருப்புனா இறுகும். சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

— அது வண்டியோட இடது பக்கச் சக்கரம்.

— அதனால என்ன?

— இந்த மாதிரி பழைய லாரியில இடது பக்கத்து நட்டுக்கு மரை தலைகீழ். இடது பக்கம் திருப்புனாத்தான் இறுகும், வலது பக்கம் திருப்புனா கழலும். முதல் தடவை எனக்கும் தெரியல. நடுரோட்டுல கழட்டுறேன் கழட்டுறேன்னு இறுக்கி, ரெண்டு போல்ட்டை ஒடிச்சுத்தான் கத்துக்கிட்டேன்.

— தப்பிக்கிறதுக்குக் கதை கட்டாத.

— போல்ட்டு முனையில ‘எல்’னு எழுத்து அடிச்சிருக்கும். அழகா இருக்கட்டும்னு வெள்ளி பெயின்ட் பூசுனீங்களே, அதுக்கு அடியில இருக்கு. போய்ச் சுரண்டிப் பாருங்க!

— அப்ப நான்…

— ஆமா. ரெண்டு நாளும் காலையில, நான் ஏறப்போற வண்டியோட சக்கரத்தைக் கழட்டிவிட்டுட்டு வந்து என்கூட உக்காந்து காபி குடிச்சிருக்கீங்க.

— உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்… கத்தாத. வெளிய யாருக்கும் தெரிய வேணாம். வேணும்னா ஆளைத் திருப்பி அனுப்பிடறேன். வண்டியை நீயே ஓட்டு.

— எப்படி ஓட்டுவேன்? நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயி, தப்பு என்னோடதுதான்னு அந்தத் தையல்காரர் கால்ல விழுந்து, இந்த ஜென்மத்துல இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்னு அவர் சம்சாரம் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்.