எட்டரை மணிப் பனி

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மார்கழிக் காலையில், வல்லக்கோட்டை வேலவனைத் தொழப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். ஏரியின்மேல் பனி திருநீற்றுப் பூச்சாய்ப் படர்ந்திருந்தது. முன்னிருக்கையில் பெண்ணைப் பெற்றவரும் பெண் கேட்டு வந்த இளைஞரும் அமர்ந்திருந்தனர்.

“மிலிட்டரி காலேஜ்ல இன்னாதான் ஆராய்ச்சி பண்றீங்க தம்பி?”

“வெளிய சொல்லக் கூடாது மாமா. ஆராய்ச்சி ரிப்போர்ட்ட எழுதிக் குடுத்துட்டா உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க. அப்புறம் நானே படிக்க முடியாது.”

“நல்ல கூத்து! வூட்ல கேட்டா நான் இன்னா சொல்றது? இன்னா வேலைன்னே தெரியாம பொண்ண எப்படிக் குடுப்பேன்?”

இளைஞர் ஏரிப் பனியைக் கணக்கிடுவதுபோல் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“இந்தப் பனி எட்டரைக்குக் கலைஞ்சிடும் மாமா.”

கோபுரம் புலப்பட்டபோது பனி விலகியது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக எட்டரை.

“நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. தை முகூர்த்தத்த மட்டும் எட்டரைக்கு மேல வெச்சுக்கலாம்.”