விலையை மூடிவைத்த காகிதத் துண்டு

ஏறுகின்ற விலைக்கு மயங்காதவரே! இறங்குகின்ற விலைக்கு நடுங்காதவரே! இலாபத்தைப் பார்க்கும் முன் அடிக்குறிப்பைப் படிக்கும் அருங்கண் படைத்தவரே! முப்பத்தோராண்டு எங்கள் முதலீட்டு அலுவலகத்தின் ஆய்வுப் பிரிவைக் கட்டிக்காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மேடம் அவர்களே! வணக்கம்.

சிறு நிறுவனமொன்றின் பங்கு விலை தகுமா, தகாதா என்று யார் கேட்டாலும் தாங்கள் முதலில் செய்வது ஒன்றுதான். திரையில் விலை தெரியும் இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டுவீர்கள். ஐந்தாண்டு இலாபத்தையும் கடனையும் வாடிக்கையாளர் பட்டியலையும் நீட்டி, “நீங்க என்ன விலை குடுப்பீங்க? அதை முதல்ல எழுதுங்க” என்பீர்கள். அந்தக் காகிதத்துக்குப் பயந்தே எங்களில் பலர் அடிக்கடி தேநீர் குடிக்கப் போனதுண்டு.

தண்ணீர் பம்பு செய்யும் அந்தச் சிறு நிறுவனத்தை மறக்க முடியுமா! ஓராண்டில் மும்மடங்கு ஏறிய அதன் பங்கில், ஊழியர் பதினொருவரின் கூட்டுச் சேமிப்பு முழுவதையும் போட்டுவிடத் துடித்தோம். சிலருக்கு அது பிள்ளையின் படிப்பு. சிலருக்கு ஒழுகும் கூரைக்கான காசு. சேமிப்புக் குழுத் தலைவராகிய தாங்கள் காகிதத்தை ஒட்டினீர்கள். பத்துப் பேர் எழுதியது எண்பது ரூபாய்க்குள். ஒருவன் மட்டும் இருநூற்று முப்பது. காகிதத்தை எடுத்தால், விலை இருநூற்று நாற்பது!

“இலாபத்துல இவ்வளவு வளர்ச்சி வரும்னு எப்படிப் போட்டே?” என்று அவனைக் கேட்டீர்கள். “காலையிலயே போன்ல விலையைப் பாத்துட்டேன், மேடம். அதுக்கு ஏத்த மாதிரி வளர்ச்சியைப் போட்டேன்” என்று அசடு வழிந்தான். அவன்தான் இம்மடலை எழுதுகிறவன். தாங்கள் திட்டவில்லை. “சந்தையிலயும் பாதிப் பேர் இதைத்தான் செய்யறாங்க” என்று சொல்லி, சேமிப்பை எடுக்கும் தாளில் கையொப்பமிட மறுத்துவிட்டீர்கள்.

பங்கு முன்னூறைத் தொட்டது. நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். ஏழு மாதம் நான் தங்களுக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. எட்டாம் மாதம், விற்பனையில் பாதியை வாங்கிவந்த ஒரே வாடிக்கையாளர் விலகினார். விலை சரிந்தது, எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் எங்களுக்குத் துணிவில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல” என்று தாங்கள் சொல்லவே இல்லை. அந்த வாடிக்கையாளரை நீக்கிய கணக்கோடு வந்து, மறுபடி காகிதத்தை ஒட்டினீர்கள். ஐம்பது என்று எழுதினோம். எடுத்தால், முப்பத்தைந்து! சேமிப்பில் ஒரு பகுதியை அந்தப் பங்கில் போடத் தாங்களே கையொப்பமிட்டீர்கள். அன்று தப்பிய காசில் வேய்ந்த எங்கள் கூரை இப்போது ஒழுகுவதில்லை.

தாங்கள் தவறவிட்ட நல்ல பங்குகளும் உண்டு. அவற்றின் பட்டியலை நாங்கள் சொல்லும் முன்பே தாங்களே சுவரில் ஒட்டிவிட்டதால், குறை சொல்லும் வாய்ப்பும் எங்களுக்குக் கிட்டவில்லை.

காலக்கெடு இல்லாத காலைகள் தங்களுக்கு வாய்க்கட்டும்! பொடி எழுத்தும் புலப்படும் கண்ணும், மாடிப்படி சலிக்காத காலும், மனம்விட்டுச் சிரிக்கும் சுற்றமும் நூறாண்டு தங்களோடு நிலைக்கட்டும்!

மேசையில் உள்ளவை எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் காகிதத் துண்டை மட்டும் என்னிடம் விட்டுச் செல்லுங்கள். இனி நான் முன்கூட்டிப் பார்க்க மாட்டேன், மேடம்.

தாங்கள் அன்று இடாத கையொப்பத்தால் காக்கப்பட்ட
ஊழியர் பதினொருவர்