நடுவுல ஒரு மூச்சு

– மாமா, மறுபடியும் தப்பு. பெருமூச்சு வேணாம்னு சொன்னேன்ல.

– நியாயமா சொல்லு மச்சான், இது என்ன படம்? ஒருத்தன் உக்காந்து ஆரஞ்சு உரிக்கிறான், உரிக்கிறான், வாயே திறக்க மாட்டேங்கிறான். அவனுக்கு எதுக்கு டப்பிங்?

– மூச்சுக்குத்தான். ஷூட்டிங்ல ஃபேன் சத்தம் ஏறிடுச்சு. அவன் பொண்டாட்டி பெட்டியோட கதவுகிட்ட நிக்கிறா. அதைப் பார்த்து இவன் ஒரு மூச்சு விடணும். அழுகையும் இல்லாம, சிரிப்பும் இல்லாம, நடுவுல ஒண்ணு. டைரக்டர் சொல்லிட்டுப் போனது அவ்வளவுதான்.

– அவ போறாளா, வர்றாளா?

– கேட்டேனே. அது அவளுக்கே தெரியாதுன்னுட்டார்.

– காதல் படமாம், அதுல காமெடி வேறயாம். ஏம்மா, அவளுக்குக் குரல் குடுக்குறவ நீ, உனக்காவது புரியுதா?

– என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? சாயங்காலம் வக்கீல் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டா நீங்க யாரோ, நான் யாரோ. அதுவரைக்கும் மைக்கைப் பாருங்க.

– உங்கக்கா பேசுறதைக் கேட்டியா மச்சான்?

– எனக்கு ரெண்டு பேரும் வேணும், ஆளை விடுங்க. ரெடி... மாமா, இது பஸ்ஸை விட்டவன் மூச்சு.

– அவருக்கு வராதுடா தம்பி. நான் பெட்டியோட நின்னப்பவும் இவர் பேப்பர்தான் படிச்சிக்கிட்டிருந்தார்.

– கண்ணாடி போடாம படிச்சேன். அதைக் கவனிச்சியா நீ?

– என்னது?

– ஒரு எழுத்தும் தெரியல. நீ கடைக்குப் போறியா, ஒரேயடியா போறியான்னும் தெரியல. கேட்டா கோவிச்சுக்குவியோன்னு உக்காந்திருந்தேன்.

– பெட்டியை எடுத்துக்கிட்டா கடைக்குப் போவாங்க?

– குழம்பிட்டேன். என்ன பண்ணச் சொல்ற?

– தம்பி, மைக் ஆன்லயே இருக்கட்டும். இங்க பாருங்க. சாயங்காலம் நான் வரல. காலையிலேயே போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்.

– ...

– ஓகே மாமா. இந்த மூச்சேதான். டைரக்டர் கேட்டது இதுதான்.

– டேக்குக்காகச் சொன்னியா? இல்ல, நிஜமாவே போட்டுட்டியா? நியாயமா சொல்லு, எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

– தம்பி, அடுத்தது என்ன?

– உன்னோடதுதான், அக்கா. அவ கதவுப் பிடியில இருந்து கையை எடுக்குறா. அதுக்கு ஒரு மூச்சு.

– டேக்குக்காகத்தாங்க சொன்னேன், கையெழுத்து இன்னும் போடல. கேட்டீங்கல்ல, அடுத்தது என் மூச்சு. நான் கையை எடுக்குற மாதிரி ஏதாவது சொல்லுங்க.