பெட்டியில் இருபது தோட்டா

நான் சுத்த சைவம். மான் இறைச்சியை விடுங்கள், முட்டைகூட என் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நிக்டியில் எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. வேட்டை என்றதும் நீங்கள் ஒரு மாதிரி ஆளை மனதில் வைத்துக்கொள்வீர்கள். நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

பெயர் கல்யாணசுந்தரம். வயது அறுபத்து நான்கு. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. மராத்தி நன்றாகவே பேசுவேன் இன்ஸ்பெக்டர் சாகேப், ஆனால் நடந்ததை வரிசையாக எழுத எனக்குத் தமிழ்தான் வருகிறது. மொழிபெயர்க்க ஆள் கிடைப்பதில் சிரமம் இருக்காது. வாகட் பக்கம் எந்த அடுக்குமாடியில் மணியை அடித்தாலும் ஒரு தமிழர் கதவைத் திறப்பார்.

முப்பத்து நான்கு வருடம் ஒரு தோட்டாத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். ஆயிரக்கணக்கில் வந்து குவியும் தோட்டாக்களில் சரியில்லாத ஒன்றைப் பிடிப்பதுதான் வேலை. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

மாடசாமி எங்கள் அம்பாசமுத்திரத்துக்காரர். சின்ச்வடில் லாரி வைத்திருந்தார். என்னைவிட ஏழு வயது இளையவர், அதனால் அண்ணாச்சி என்பார். அவருக்கு மாமனார் வழியில் ஒரு பழைய அமெரிக்கத் துப்பாக்கி வந்தது. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அந்த லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். லைசென்ஸ் இருந்தது. தோட்டாதான் இல்லை. அந்த அளவில் இந்தியாவில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நான் ஓய்வு பெற்ற வருடம் மாடசாமி முப்பது காலிக் கூடுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார்.

"இத உங்களால உயிர்ப்பிக்க முடியுமா அண்ணாச்சி?"

முடிந்தது. வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் எங்கிருந்து வந்தன என்பதைத் தனித் தாளில் எழுதித் தருகிறேன். இங்கே வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, இம்மி இம்மியாகக் கூட்டி, ஒவ்வொரு அளவுக்கும் மூன்று தோட்டா செய்து, அட்டையில் சுட்டுப் பார்க்க வேண்டும். மூன்று ஓட்டையும் எந்த அளவில் நெருங்கி வருகிறதோ அதுதான் அந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த அளவு. எனக்கு அதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. அந்த மூன்று ஓட்டையையும் ஒரு எலுமிச்சம்பழத்தால் மூடிவிடலாம். அந்த அட்டையை நான் கண்ணாடி போட்டு மாட்டினேன். பார்க்கத்தான் யாரும் வந்ததில்லை.

முள்ஷி பக்கம் மாடசாமிக்கு ஒரு பண்ணை. பின்னால் காடு. அங்கே குரைக்கிற மாதிரி சத்தம் போடும் சின்ன மான் உண்டு. ஊர்க்காரர்கள் பேகர் என்பார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு சுடுவார். சட்டப்படி குற்றம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கூடப் போவேன். துப்பாக்கியில் தோட்டாக்களை நுழைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பக்கவாட்டில் இருக்கும் சின்ன வாசலில் அவருடைய தடித்த விரல் போகாது.

போன நவம்பரில், விடிந்து சற்று நேரத்தில், ஒரு பெட்டை மானைச் சுட்டார். அவசரப்பட்டுவிட்டார். வயிற்றில் பட்டது. விழாமல் ஓடிவிட்டது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே போய் நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். ஒரு காரைப் புதரடியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்க முயன்றது, முடியவில்லை. மாடசாமி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்வரை நான் அதன் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தக் கண்ணை என்னால் மறக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இனி எந்த மானும் இவர் கையால் இப்படி வதைபடக் கூடாது.

அன்று மத்தியானம் பண்ணையில் அவருடைய நண்பர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கேஷவ் என்று ஒரு பில்டர், மற்ற இருவர் பெயர் தெரியாது. குறி தப்பியதைப் பற்றி அவர்கள் கேலி பேசினார்கள். மாடசாமி இந்தியில் சொன்னார்: கையில் கோளாறு இல்லை, தோட்டா வீட்டில் செய்தது, மருந்து முன்னேபின்னே இருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

திரும்பும்போது காரில் என்னிடம் சொன்னார்.

"கோவிச்சிக்கிடாதிய அண்ணாச்சி. கேஷவுக்கு வெளிநாட்டுல ஆளு இருக்கான். கம்பெனித் தோட்டாவே வரவழைச்சித் தாரேன்னான். உங்களுக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல. எதுக்குக் கெடந்து செரமப்படணும்?"

"நல்லதுதான்" என்றேன். "கடைசியா ஒரு பெட்டி செஞ்சு தாரேன். பொங்கலுக்கு வச்சிக்கிடுங்க."

அந்தப் பெட்டிக்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். இருபது தோட்டா. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்ததில்லை. கூடுகளைக் கண்ணாடி மாதிரி துடைத்தேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை நிறுத்தேன். பத்தொன்பதும் ஒரே அளவு. ஒன்று மட்டும் வேறு. அதில் என்ன செய்தேன் என்பதை எழுதப் போவதில்லை. இந்தத் தாள் யார் யார் கைக்கோ போகும். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

பொங்கலுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குப் பண்ணைக்குப் போனோம். மாடசாமியின் மகள் மீனுவும் வந்திருந்தாள். விமான் நகரில் வேலை, இருபத்தைந்து வயது. அவள் வருவது எனக்கு முன்பே தெரியாது. பிறந்ததிலிருந்து அவளைத் தெரியும். ஆறாம் வகுப்பு வரை என்னிடம்தான் கணக்குப் படித்தாள்.

மாடசாமிக்கு ஒரு வழக்கம். காட்டுக்குப் போகும் முன் வரப்பின் மேல் ஒரு டப்பாவை வைத்து இரண்டு முறை சுட்டுப் பார்ப்பார். மூன்றாவது காட்டில் மானுக்கு. இந்தத் துப்பாக்கியில் முதலில் நுழைத்தது கடைசியில்தான் வரும். அதனால் அந்த ஒன்றை முதலில் நுழைத்தேன், பிறகு மற்ற இரண்டை. காட்டுக்குள் அவர் தனியாகத்தான் போவார். பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

இரண்டு முறை சுட்டார். இரண்டும் ஒரே இடத்தில் பட்டன. போய் டப்பாவை எடுத்து வந்து விரலை விட்டுப் பார்த்தார். ஒரு ஓட்டைதான் இருந்தது.

"அண்ணாச்சி, கம்பெனிக்காரன் என்ன, எவனும் இத மாதிரி செய்ய மாட்டான். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. கேஷவ்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்."

எனக்கு மனசு நிறைந்தது. பொய் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அப்போது மீனு, "அப்பா, மீ பண் ட்ரை பண்றேன், ஒரே ஒரு வாட்டி" என்றாள். தானும் சுட வேண்டுமாம். மாடசாமி சிரித்துக்கொண்டே துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தார். லீவரை எப்படித் தள்ள வேண்டும் என்று காட்டினார். தோட்டா உள்ளே ஏறும் சத்தம் கேட்டது.

எனக்கு அவகாசம் இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. அரை நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். டப்பாவைத் திரும்ப வரப்பில் வைத்துவிட்டு மாடசாமி நடந்து வந்துகொண்டிருந்தார். நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். தோட்டாவை வெளியே எடுத்தால் அதில் சந்தேகம் என்று ஆகும். அவர் அப்போதுதான் அப்படிச் சொல்லி முடித்திருந்தார்.

மீனு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, இப்டி பிடிக்கறது பரோபர் தானே, கரெக்டா?"

கட்டையைத் தோளில் சரியாகப் பொருத்தவில்லை. முகத்தைத் தள்ளி வைத்திருந்தாள்.

"கன்னத்த நல்லா ஒட்டி வைம்மா" என்றேன். "அப்பத்தான் குறி தெரியும்."

ஒட்டி வைத்தாள்.

வலது கண் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தேன். முகத்தில் பாதிக்குக் கட்டு. என் குரலைக் கேட்டதும் நல்ல கையை நீட்டினாள்.

"ரொம்ப யோசிக்காதீங்க மாமா. வயசாச்சுல்ல உங்களுக்கு. மிஸ்டேக் எல்லார்ட்டயும்தான் ஆகும்."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மிஸ்டேக் என்ற அந்த வார்த்தையே திரும்பத் திரும்பக் கேட்டது.

மாடசாமி உங்களிடம் என்ன சொன்னார் என்று அவருடைய வக்கீல் மூலம் தெரிந்தது. தோட்டாக்களைத் தானே செய்ததாகச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி பெயர் வரக் கூடாது, வயதான மனுஷன், தெரியாமல் நடந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். இப்போது காவலில் இருக்கிறார். உங்கள் சோதனைச்சாலை அறிக்கையின் நகலையும் பார்த்தேன். பயிற்சியில்லாதவர் கவனக்குறைவாக மருந்து நிரப்பியதால் நேர்ந்த விபத்து என்று அதில் இருக்கிறது.

நிரபராதி ஒருவர் எனக்காக உள்ளே இருப்பதை என் மனசாட்சி ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாடசாமிக்குத் தராசைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. அந்த இருபதும் நான் செய்தவை. ஒன்றை அவரைக் கொல்வதற்காகவே செய்தேன். அது அவருடைய மகள் கைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு என்ன தண்டனை தந்தாலும் சரி. ஒரு வேண்டுகோள்தான். பெட்டியில் மிச்சம் பதினேழு இருக்கின்றன, அவற்றை உங்கள் ஆட்களே நிறுத்துப் பார்க்கட்டும். பிறகு அறிக்கையில் கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.